படம் கழுவுதல்

எங்கள் ஊர்ப்பக்கம் பிலிம் ரோலைக் 'கழுவக் கொடுப்பது' என்றுதான் சொல்வார்கள். கல்யாணமோ காதுகுத்தோ முடிந்ததும் "ரோலக் கழுவியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. என் தாய்மாமா கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கறுப்புத் திரைக்குப் பின்னால் போய் இவர் அப்படி என்னத்தைத்தான் கழுவுகிறார் என்று எட்டிப் பார்க்கப் போய், ஒருமுறை முதுகில் நன்றாக வாங்கியிருக்கிறேன். அன்று நான் திரையை விலக்கியதில் யாருடைய கல்யாணமோ பாதி கறுத்துப்போய்விட்டது என்று பிற்பாடு அம்மா சொன்னாள்.

'கழுவுதல்' எவ்வளவு சரியான வார்த்தை என்று புரிய எனக்கு 34 வயது ஆகவேண்டியிருந்தது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். என் போனில் 40,000 படங்களுக்கு மேல் கிடக்கின்றன. போன வருஷம் மாமா கண் வைத்தியத்துக்காகச் சென்னை வந்து எங்கள் வீட்டில் தங்கினார். சர்க்கரை வியாதி இரண்டு கண்களையும் தின்றுவிட்டிருந்தது. வரும்போது கோணிச்சாக்கில் சுற்றிய பழைய என்லார்ஜர் ஒன்றையும், ஒரு பிஸ்கட் டின்னையும் கொண்டு வந்திருந்தார். "இரும்புக்கடையில போட மனசு வரல மருமவனே. நீ இஞ்சினியரு, எதுக்காவது ஆவும்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மாமாவின் பழைய கேமராவில் ஒரு கறுப்பு வெள்ளை ரோலைப் போட்டுக்கொண்டு மயிலாப்பூர்த் தெருக்களில் ஒரு ஞாயிறு முழுக்கச் சுற்றினேன். யூடியூபில் நாலு வீடியோ பார்த்தேன். குளியலறை ஜன்னலில் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டினேன். ஒரே மாதிரியான இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களில் கரைசல்களைத் தயாரித்து வைத்தேன். லேபிள் ஒட்டவில்லை. எல்லாம் முடிந்து டாங்கைத் திறந்து பார்த்தால், பிலிம் கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது. 36 படங்களில் ஒன்றின் நிழல்கூட இல்லை.

ஹாலில் உட்கார்ந்திருந்த மாமா, நான் சத்தமே இல்லாமல் நின்றதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "ஹைப்போவ முதல்ல ஊத்திட்டியாக்கும்?"

"ஆமா மாமா."

"நானும் ஊத்திருக்கேன். ஒரு வளைகாப்பு மொத்தமும் போச்சு. டெவலப்பர் படத்தக் கொண்டாரும், ஹைப்போ மிச்சத்தக் கொண்டுபோவும். வர்றதுக்கு முன்னாடியே கொண்டுபோன்னு சொன்னா, இருக்கிற எல்லாத்தையும் கொண்டுபோயிரும்ல."

*

இந்த 'மிச்சத்தைக் கொண்டுபோவது' எப்படி என்று தெரியாமல்தான் ஒளிப்படக்கலை கிட்டத்தட்ட 40 வருஷம் பிறக்காமல் நின்றது. பின்னால் படிக்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது இதுதான். படத்தைப் பிடிப்பது கஷ்டம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிடித்ததை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்திருக்கிறது.

வெள்ளி உப்புகள் கறுப்பது சூட்டால் அல்ல, வெளிச்சத்தால் என்பதை ஜெர்மானியரான யோஹான் ஹைன்ரிஷ் ஷூல்ட்சே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பரிசோதித்துக் காட்டிவிட்டார். இருட்டுப் பெட்டியில் சின்னத் துளை வழியாக வெளியுலகம் தலைகீழாக விழும் என்பது அதைவிடப் பழைய செய்தி. இரண்டையும் சேர்த்தால் படம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற பீங்கான் குடும்பத்தைச் சேர்ந்த தாமஸ் வெட்ஜ்வுட் அதைத்தான் முயன்றார். காகிதத்திலும் தோலிலும் வெள்ளி நைட்ரேட்டைப் பூசி, மேலே இலைகளையும் பூச்சிச் சிறகுகளையும் வைத்து வெயிலில் காட்டினார். அவற்றின் உருவங்கள் அச்சாக விழுந்தன. அவருடைய நண்பரும் வேதியியலாளருமான ஹம்ஃப்ரி டேவி 1802இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

ஆனால் அந்தப் படங்களைப் பகலில் எடுத்துப் பார்க்க முடியாது. வெளிச்சம் படாத இடத்திலும் வெள்ளி உப்பு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பார்க்க வெளியே எடுத்தால் அதுவும் கறுத்துவிடும். பார்ப்பதே அழிப்பது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 1805இல் வெட்ஜ்வுட் இறந்துபோனார். அப்போது அவருக்கு என் வயது, 34. பிரான்சில் நிசெஃபோர் நியப்ஸ் 1820களில் வெள்ளியை விட்டுவிட்டு ஒருவகைத் தாரைப் பயன்படுத்தி, தன் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிந்த காட்சியை உலோகத் தகட்டில் பதித்தார். அதற்குப் பல மணி நேர வெயில் தேவைப்பட்டது.

இதற்கிடையே 1819இல் ஜான் ஹெர்ஷல் ஒரு உப்பைப் பற்றி எழுதியிருந்தார். சோடியத்தின் ஹைப்போசல்ஃபைட். நீரில் கரையாத வெள்ளி உப்புகளை இது சர்க்கரையைக் கரைப்பது மாதிரி கரைக்கிறது என்று குறிப்பிட்டிருந்தார். அப்போது அதற்கு எந்த உபயோகமும் இல்லை. 1839 ஜனவரியில் பாரிஸிலிருந்து டாகேர் படம் பிடிக்கிறார் என்ற செய்தி வந்ததும், எப்படிப் பிடிக்கிறார் என்று தெரியாமலேயே ஹெர்ஷல் தானும் சோதனைகளில் இறங்கினார். 20 வருஷத்துக்கு முந்தைய அந்த உப்பு அவருக்கு நினைவு வந்தது. சில நாட்களிலேயே படம் நின்றுவிட்டது. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த அனுபவம் பழக்கமானது. யாரோ எதற்கோ எழுதிவைத்த சின்ன நிரல் ஒன்று பல வருஷம் கழித்து வேறொரு பெரிய பிரச்சினையின் பூட்டைத் திறக்கும்.

'ஃபோட்டோகிராஃபி' என்ற சொல்லையும் 'நெகடிவ்', 'பாசிடிவ்' என்ற சொற்களையும் புழக்கத்தில் விட்டவரும் ஹெர்ஷல்தான். வேதியியலார் பிற்பாடு அந்த உப்பின் பெயரைச் சோடியம் தயோசல்ஃபேட் என்று திருத்திவிட்டார்கள். ஸ்டூடியோக்காரர்கள் அதைச் சட்டை செய்யவில்லை. லண்டனிலிருந்து கோவில்பட்டி வரை அது ஹைப்போதான்.

*

ஹைப்போவின் வேலை புரிந்ததும் அடுத்த கேள்வி: அதற்கு முன்னால் டெவலப்பர் எதற்கு?

வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835இலேயே தன் வீட்டு ஜன்னலை நெகடிவாக எடுத்துவிட்டார். ஆனால் அவர் காகிதத்தை உருவம் கண்ணுக்குத் தெரியும்வரை கேமராவில் வைத்திருக்கவேண்டியிருந்தது. 1840 செப்டம்பரில் கேலிக் அமிலம் கலந்த கரைசலைப் பயன்படுத்தும்போதுதான் அந்த வினோதத்தைக் கவனித்தார். வெளிச்சத்தில் கொஞ்ச நேரமே காட்டிய காகிதம் வெறுமையாகத் தெரிந்தாலும் வெறுமையாக இல்லை. கரைசல் பட்டதும் அதிலிருந்து படம் தானாக எழுந்து வந்தது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒரு படம் முன்பே இருந்திருக்கிறது. மணிக்கணக்கு நிமிடக்கணக்காகக் குறைந்தது. மனித முகத்தைப் படமெடுப்பது இந்தக் காகிதத்தில் அதன் பிறகுதான் சாத்தியமானது.

கேலிக் அமிலத்துக்கு அந்தப் பெயர் வந்தது ஓக் மரத்தில் பூச்சி கடித்து உண்டாகும் முடிச்சுகளிலிருந்து. நாட்டு மருந்துக் கடையில் 'மாசிக்காய்' என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். பிள்ளைகளுக்கு நாக்கில் இழைத்துத் தடவுவது. இதை மாமாவிடம் சொன்னபோது வெகுநேரம் சிரித்தார். "அப்போ ஒனக்குச் சின்னதுலயே டெவலப்பர் ஊத்தியாச்சு."

உள்ளே நடப்பது என்ன என்பது விளங்க இன்னும் 100 வருஷம் ஆனது. 1938இல் ரொனால்ட் கர்னியும் நெவில் மாட்டும் தந்த விளக்கம் சுருக்கமாக இதுதான். பிலிமின் பூச்சில் கோடிக்கணக்கான மிகச்சிறிய வெள்ளி உப்புப் படிகங்கள் இருக்கின்றன. வெளிச்சம் படும்போது ஒரு படிகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில வெள்ளி அயனிகள் உலோக அணுக்களாக மாறி ஓரிடத்தில் சேர்கின்றன. நாலு அணு சேர்ந்தாலே போதும். சாதாரண நுண்ணோக்கியில் தெரியாத இந்தச் சிறு புள்ளி இருக்கும் படிகத்தை டெவலப்பர் அடையாளம் கண்டு, முழுவதையும் வெள்ளியாக மாற்றிவிடுகிறது. புள்ளி இல்லாத படிகத்தைத் தொடாமல் விடுகிறது. நாலு அணு சொன்ன சேதி நூறு கோடி மடங்கு பெருகுகிறது. மின்னணுவியல் படித்தவன் என்ற முறையில், இத்தனை பெருக்கத்தை இவ்வளவு குறைந்த இரைச்சலோடு செய்யும் இன்னொரு கருவியை நான் பார்த்ததில்லை. அதுவும் பிளாஸ்டிக் டாங்கில்.

இந்தப் படிகங்களைத் தாங்கியிருப்பது ஜெலட்டின், மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. 1871இல் ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் இதைப் பரிந்துரைத்தார். ஆனால் ஒரு தொகுதி ஜெலட்டினில் செய்த பிலிம் வேகமாகவும், இன்னொன்றில் செய்தது மந்தமாகவும் இருந்தது. ஏன் என்று பல வருஷம் யாருக்கும் தெரியவில்லை. 1920களில் கோடக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் காரணத்தைக் கண்டார். கடுகு எண்ணெயில் காரத்தைத் தரும் கந்தகச் சேர்மம் போன்றவை துளியளவு ஜெலட்டினில் கலந்திருந்தால் பிலிமின் வேகம் கூடுகிறது. மாடு மேய்ந்த தீவனம் வரை அந்தத் தடம் போனது. கடுகு, மாசிக்காய், வெள்ளி, மாட்டுத் தோல். ஏதோ சித்த வைத்தியக் குறிப்பு மாதிரி இருக்கிறது இல்லையா?

*

இரண்டாவது ரோலை மாமா பக்கத்தில் இருக்க, ஒழுங்காகக் கழுவினேன். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்கவேண்டும் என்கிறது புத்தகம். சென்னைக் குழாயில் வருவது 32 டிகிரி. மாமா காலத்தில் ஐஸ் பாரை உடைத்துப் போட்ட தட்டில் டாங்கை வைப்பார்களாம். நான் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளைக் கொண்டுவந்தேன். பிலிமை ரீலில் சுற்றுவது முழு இருட்டில் நடக்கவேண்டிய வேலை. என் கைகள் தடுமாறின. மாமா வாங்கி ஒரே மூச்சில் சுற்றி முடித்தார். அந்த இருட்டில் எங்கள் இருவரில் கண் தெரிந்தவர் அவர்தான்.

ஆனால் அவர் அதிகம் வற்புறுத்தியது கடைசியில் வரும் கழுவலைத்தான். "ஹைப்போ உள்ளயே நின்னா பத்து வருசத்துல படம் பழுத்துரும். கல்யாணத்தன்னைக்குக் கறுப்பா இருந்த மாப்ள, மக கல்யாணத்துக்கு மஞ்சளாயிருவான்."

இது பழைய பயம். ஹைப்போ படத்தை நிறுத்தத் தொடங்கி 16 வருஷத்துக்குள் இங்கிலாந்தில் படங்கள் மங்கத் தொடங்கிவிட்டன. 1855இல் லண்டன் ஒளிப்படச் சங்கம் இதை விசாரிக்க ஒரு குழுவை அமைத்தது. விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் அதற்கு 50 பவுண்டு கொடுத்தார். குழு கண்டறிந்த முக்கியமான காரணம், படத்தைக் காப்பாற்ற வந்த ஹைப்போவே சரியாகக் கழுவப்படாமல் தங்கிப் படத்தை அரிக்கிறது என்பது.

அதே 1855இல் இன்னும் இரண்டு விஷயங்கள் நடந்தன. பாரிஸில் நடந்த பெரிய கண்காட்சியில் மியூனிக்கைச் சேர்ந்த ஃப்ரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல், ஒரே நெகடிவிலிருந்து எடுத்த இரண்டு படங்களை வைத்தார். ஒன்று உள்ளது உள்ளபடி. மற்றது நெகடிவின் மேலேயே கைவேலை செய்து எடுத்தது. கூட்டம் அசந்து போனது. 'டச்சப்' என்ற தொழில் அங்கிருந்துதான் பெருகியது. இன்னொன்று நம் பக்கத்தில். சென்னையில் நடந்த கண்காட்சியில் லின்னேயஸ் ட்ரைப் என்ற சென்னை ராணுவ அதிகாரி, ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைத் தான் எடுத்த படங்களைக் காட்சிக்கு வைத்தார்.

ட்ரைப் மறு வருஷமே சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் ஆனார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றிச் சில மாதங்களில் சென்னை வந்து சேர்ந்தார். சுமார் 12க்கு 15 அங்குலக் காகித நெகடிவ்கள், டால்பட் காட்டிய வழியிலிருந்து வளர்ந்தவை. மதுரையில் பாழடைந்து நின்ற திருமலை நாயக்கர் மகாலையும், புதுமண்டபத்தையும், மீனாட்சி கோயிலையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி 19 அடிக்கும் நீளமான ஒரே பட்டையாக்கினார். ஹுல்ட்ஷ் அந்தக் கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பிக்க இன்னும் 30 வருஷத்துக்கு மேல் இருந்தது. படிக்கத் தெரியாத எழுத்தை, ஒரு வரி விடாமல் படமெடுத்து வைத்திருக்கிறார் அந்த மனிதர்.

ட்ரைப்பின் படங்களில் மேகங்களைக் கவனித்துப் பாருங்கள். பல படங்களில் அவை உண்மை மேகங்கள் அல்ல. அக்காலப் பூச்சுகளுக்கு நீல வெளிச்சம் மட்டும்தான் நன்றாகத் தெரியும். அதனால் வானம் வெறும் வெள்ளையாக வெளுத்துவிடும். ட்ரைப் நெகடிவ் மேல் தூரிகையால் மேகங்களை வரைந்தார். மற்ற நிறங்களைக் காணப் பூச்சுக்குக் கற்றுக்கொடுக்க ஹெர்மன் ஃபோகெல் 1873இல்தான் வழி கண்டுபிடித்தார். கல்லில் ஒரு கீறல்கூடத் தவறக்கூடாது என்று உழைத்தவர் வானத்தில் பொய் சொல்லியிருக்கிறார். முதலில் இது எனக்கு உறுத்தலாக இருந்தது. இப்போது அவ்வளவாக இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

1859இல் கவர்னராக வந்த சார்ல்ஸ் ட்ரெவெல்யன், 1857 கிளர்ச்சிக்குப் பிந்தைய பண நெருக்கடியில் இதெல்லாம் ஆடம்பரம் என்று சொல்லி ட்ரைப்பின் வேலையை நிறுத்திவிட்டார். ட்ரைப் அதன் பின் பெரிதாக எதையும் எடுக்கவில்லை. அவர் கழுவிய படங்கள் மட்டும் 160 வருஷம் தாண்டி நிற்கின்றன.

*

மாமாவின் படங்கள் நிற்கவில்லை. அது வேறு காரணத்தால்.

அவர் தொழில் செய்த காலத்தின் பெரும்பகுதியில் பேப்பரும் பிலிமும் ஊட்டியிலிருந்து வந்தன. 1960இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தியில் இறங்கியது. தூசியில்லாத மலைக்காற்றும் குளிர்ச்சியும்தான் அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம். பூச்சில் ஒரு தூசு விழுந்தால் அது யாராவது ஒருவரின் முகத்தில் மச்சமாகிவிடுமே. 'இந்து' என்ற பெயரில் பிலிமும், எக்ஸ்ரே பிலிமும், புரோமைடு பேப்பரும் அங்கிருந்து நாடெங்கும் போயின. 1990களில் அது நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. வண்ணமும், பிறகு டிஜிட்டலும் மிச்சத்தை முடித்தன. ஊட்டியில் இந்து நகர் என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

மாமா 2006இல் கடையை மூடினார். 30 வருஷத்து நெகடிவ்கள் மரப்பெட்டிகளில் இருந்தன. வெள்ளி எடுப்பதற்காக நெகடிவையும், எக்ஸ்ரே ஷீட்டையும், பழைய ஹைப்போத் தண்ணீரையும் வாங்க ஆட்கள் ஊர் ஊராக வருவார்கள். அப்படி வந்த ஒருவரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். "ஊர்ல பாதிப் பேரு அதுக்குள்ள இருந்தான். வீட்டு வாடகை ரெண்டு மாசம் கட்டுனேன்" என்றார். இதை அவர் வருத்தமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. நான் அவரைக் குறை சொல்லத் தயாரில்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான கீசக வதத்தின் ஒரு அடி பிலிம்கூட இன்று நம்மிடம் கிடையாது. தமிழ் ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் உதவியோடு தேடித் தேடி மின்படியாக்கியது, அதற்குள் எத்தனையோ கடைகள் காலியாகிவிட்டன. படத்தை உண்டாக்கிய அதே வெள்ளிதான் அதற்கு எமனாகவும் வந்தது.

*

பிஸ்கட் டின்னில் தப்பிய 20 சொச்சம் நெகடிவ்கள் இருந்தன. அதில் ஒன்று ஆச்சி. மாமாவுக்கும் அம்மாவுக்கும் தாயார். 1979இல் இறந்துவிட்டார், நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட ஆச்சி படம் ஒன்று உண்டு. பெரிதாக்கி, மேலே வண்ணம் பூசி, உதட்டைச் சிவப்பாக்கி, முகத்தை மாவு மாதிரி வழவழவென்று ஆக்கிய படம். அம்மா அதற்கு வெள்ளிக்கிழமை பூ வைப்பாள், ஆனால் "இது எங்கம்மா மாதிரியே இல்ல" என்று சொல்லாத வருஷம் கிடையாது. ஆச்சிக்குச் சின்ன வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவர். முகமெல்லாம் குழித்தழும்பு. படுத்துக்கொண்டு அந்தக் குழிகளை விரலால் எண்ணித்தான் தூங்குவேன் என்பாள் அம்மா.

பெட்டி மேல் வெள்ளைத் துணி விரித்து, பின்னால் விளக்கை வைத்து நெகடிவைப் பார்த்தேன். 120 பிலிம், 6 சென்டிமீட்டர்ச் சதுரம். பூதக்கண்ணாடியில் பார்த்ததும் விஷயம் தெரிந்தது. கன்னங்களிலும் நெற்றியிலும் மயிர்க்கனத்தில் பென்சில் கீறல்கள். தழும்பின் நிழல் நெகடிவில் தெளிந்த புள்ளியாக இருக்கும். அதைப் பென்சிலால் அடைத்துவிட்டால் பிரிண்டில் தழும்பு மறைந்துவிடும்.

"இந்தப் பென்சிலை ஸ்பிரிட்ல துடைச்சா போயிருமாம்மா" என்று வாயைத் திறந்துவிட்டேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தொடச்சிரு" என்றாள் உடனே. 50 வருஷத்துப் பழைய ஜெலட்டின், கிழிந்தால் வேறு பிரதி இல்லை என்று நான் இழுத்தேன். அம்மா அசையவில்லை. சுவரில் இருப்பவளோடு அவளுக்கு 40 வருஷத்துக்கும் மேலான சண்டை.

மாமா அதுவரை பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கு 19 வயசு. முதலாளி கடையில டச்சப்பு பழகிட்டிருந்தேன். படம் எடுக்கிறேன் வாம்மான்னு நாலு மாசம் கூப்புட்டேன், வரல. ஒரு நாள் அதுவா வந்து நின்னுச்சு. 'இந்தக் குழியெல்லாம் தெரியாம எடுப்பியால'ன்னு கேட்டுச்சு. எடுத்துருவேன்னு சொன்னேன். ரெண்டு ராத்திரி ஒக்காந்து போட்டேன். கார்டு சைஸ் பிரிண்டக் கையில குடுத்தப்ப ரொம்ப நேரம் பாத்துச்சு. ஒண்ணும் சொல்லல. முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிச்சு."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். இரவு சாப்பாடு போடும்போது, "தொடைக்க வேண்டாம். அப்படியே போடு" என்றாள். ஆச்சிக்கு எது வேண்டியிருந்ததோ அது அங்கே கிடக்கட்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு இரவு மூவரும் குளியலறையில் நெருக்கியடித்து நின்றோம். பிரிண்ட் பேப்பருக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது, அதனால் சிவப்பு விளக்கு. என்லார்ஜரை முழு உயரத்துக்கு ஏற்றி 10க்கு 12 அங்குலத்தில் படத்தை விழவைத்தேன். துண்டுப் பேப்பரில் ஐந்து ஐந்து வினாடியாகச் சோதித்து, 20 வினாடி என்று முடிவு செய்தேன். பேப்பர் டெவலப்பரில் இறங்கியது. முதலில் கண்கள் வந்தன, பிறகு தலைமுடி, பிறகு மூக்குத்தி. "வருதா?" என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஹைப்போவில் நேரம் முடிந்ததும் வெள்ளை விளக்கைப் போட்டேன். கார்டு சைஸில் யார் கண்ணுக்கும் படாதது இந்த அளவில் தெரிந்துவிட்டது. ஆச்சியின் கன்னத்தில், நெற்றியில், மூக்கோரத்தில், காற்புள்ளி மாதிரி வெளிறிய பென்சில் தடங்கள். தழும்பு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம், ஒன்றுவிடாமல். அம்மா தட்டின் மேல் குனிந்து, ஈரப் படத்தைத் தொடாமல் விரலை மேலே நகர்த்தினாள். "இங்கன ஒண்ணு. இங்கன ரெண்டு சேந்தாப்ல. இது காதுகிட்ட, பெருசு."

"கோடு தெரியுதா?" என்றார் மாமா.

"தெரியுது மாமா."

"அப்ப வேல சுத்தமில்ல" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார், சொட்டு மருந்து போட்ட நேரம் அது என்று அம்மா சொன்னாள்.

ட்ரைப்பின் மேகங்கள் என்னை உறுத்தாமல் போனது அன்றுதான். நெகடிவின் மேல் கை வைத்தவன் தன் கையையும் சேர்த்தே பதித்துவிட்டுப் போகிறான். பிறகு வருபவனுக்கு இரண்டும் கிடைக்கின்றன. 1975க்குப் பிறகு இந்த நாட்டில் யாருக்கும் பெரியம்மை வரவில்லை. அந்த முகங்கள் இனி கிடையாது. எங்கள் வீட்டில் அதற்கு இருக்கும் ஒரே சாட்சி, அதை மறைக்கப் போட்ட பென்சில் கோடுகள்தான்.

"ஒரு மணி நேரம் கழுவு. தண்ணிக்குக் கஞ்சம் பாக்காத" என்றார் மாமா. அந்த வாரம் எங்கள் அடுக்ககத்துக்கு லாரித் தண்ணீர். அசோசியேஷன் செயலாளர் மாடிக்கு வந்து கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே குழாயைத் திறந்துவிட்டேன். முடிவில் மாமா சொன்னபடி ஒரு டம்ளரில் பெர்மாங்கனேட்டைத் துளியளவு கரைத்து, படத்தின் நுனியிலிருந்து வடியும் நீரை அதில் சொட்டவிட்டேன். ஹைப்போ மிச்சமிருந்தால் அந்த ஊதா வெளுத்துவிடும்.

"நெறம் என்ன?" என்றார்.

"அப்படியேதான் இருக்கு மாமா."

"இன்னும் பத்து சொட்டு விட்டுப் பாரு."

விட்டேன். அப்படியேதான் இருந்தது.